மலைக்கு ஏற்ற மூட்டை

பிறர் மூட்டைகளை நிறுத்துச் சீட்டெழுதி வண்டியேற்றி அனுப்புவதே எமது தொழில். கரக்பூர் நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் அமர்ந்து, பதினோர் ஆண்டுகளாக இதனைச் செய்து வருகின்றோம். மூட்டையைக் கண்ட அளவிலேயே அதன் எடையை ஒரு கிலோ முன்பின்னாகச் சொல்லிவிடும் பழக்கமும் கைவந்துவிட்டது. ஆயினும், எம் சொந்த மூட்டையை ஒரு நாளேனும் தராசில் ஏற்றிப் பார்த்தோமில்லை. அந்தக் குறை எம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதையும், அதன்பின் நாங்கள் கற்றுக்கொண்ட பாடத்தையும் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

படுக்கை வகுப்பில் செல்லும் பயணி ஒருவர் 40 கிலோ வரையிலும், சாதாரண இரண்டாம் வகுப்பில் செல்பவர் 35 கிலோ வரையிலும் கட்டணமின்றிச் சுமை கொண்டுசெல்ல இரயில்வே இடந்தருகின்றது. நம்மவர் அந்தச் சலுகையில் ஒரு கிலோவையும் வீணாக்குவதில்லை. ஆண்டுக்கொரு முறை ஊருக்குச் சென்று திரும்புகையில் புளியும் வடகமும் அப்பளமும் இட்லி அரிசியும் நம்முடன் வண்டியேறுகின்றன. “அங்கே கிடைக்குமோ, கிடைக்காதோ” என்று சொல்லிக்கொண்டே நம் அன்னையர் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் காட்சியை அறியாத தமிழ்க் குடும்பம் வடநாட்டில் உண்டோ? அன்பு மிகுந்த அந்தச் சொற்றொடரே, மலைப்பாதையில் எங்கள் முழங்காலை முறிக்க வந்தது.

சந்தக்பூ

மேற்கு வங்காள மாநிலத்தின் மிக உயர்ந்த இடம் சந்தக்பூ. டார்ஜிலிங் மாவட்டத்தில், நேபாள எல்லையை ஒட்டி ஓடும் சிங்காலிலா மலைத்தொடரின்மீது 3,636 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது. வானம் தெளிந்திருக்கும் காலையில் எவரெஸ்ட், காஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு ஆகிய நான்கு பெருஞ்சிகரங்களையும் அங்கே நின்ற இடத்திலிருந்தே காணலாம். உலகின் மிக உயர்ந்த ஐந்து சிகரங்களுள் நான்கு இவை. மானேபஞ்சன் என்னும் சிற்றூரிலிருந்து சுமார் 31 கிலோமீட்டர் மலைப்பாதை. வண்டியிலும் செல்லலாம், ஆயினும் அவ்வழியின் அருமை நடப்பவருக்கே விளங்கும்.

எம் இல்லத்தரசிக்கு நெடுநாளாகவே பனிமலை காணும் ஆவல். திருமணமாகி இங்கு வந்த நாள் முதல், வங்காள அண்டை வீட்டார் ஒவ்வோர் ஆண்டும் பூஜை விடுமுறையில் மலைக்குச் சென்று வந்து கூறும் கதைகளைக் கேட்டுக் கேட்டு அந்த ஆவல் வளர்ந்திருந்தது. கொல்கத்தாவில் படிக்கும் மைத்துனனும் உடன் வர இசைந்தான். 2022 நவம்பரில், மூவருமாகச் சியால்டாவில் டார்ஜிலிங் மெயில் ஏறினோம்.

முதற்பயணமும் தோல்வியும்

மறுநாள் காலை நியூ ஜல்பாய்குரியில் இறங்கி, ஜீப்பில் மிரிக், சுகியாபோக்ரி வழியாக மானேபஞ்சன் சேர்ந்தோம். அங்கிருந்து உள்ளூர் வழிகாட்டி ஒருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது விதி. எங்களுக்கு வாய்த்தவர் இருபத்தைந்து வயதுக்கு மேற்படாத ஓர் இளைஞர், மெலிந்த உடல், காலில் நேபாளத்துக் ‘கோல்ட்ஸ்டார்’ துணிக்காலணி. எங்கள் மூட்டைகளைக் கண்டதும் ஒரு கணம் தயங்கி, “தாஜூ, மலையில் எத்தனை மாதம் தங்கப் போகிறீர்கள்?” என்று இந்தியில் கேட்டார். நகைச்சுவை என்று எண்ணி நகைத்தோம்.

ஊரை விட்டவுடனே சித்ரே வரையில் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் செங்குத்தான ஏற்றம். சித்ரேயில் இருக்கும் பௌத்த மடத்தை அடைவதற்குள்ளாகவே தோள்பட்டை வாரில் எம் தோல் உரிந்துவிட்டது. மேக்மாவைக் கடக்கையில் மேகம் வந்து சூழ்ந்தது. இல்லத்தரசியின் வலது முழங்கால் வீங்கத் தொடங்கிற்று. பகல் இரண்டு மணிக்குச் சேர வேண்டிய தும்லிங்கை இருட்டிய பின்னரே அடைந்தோம். இரவெல்லாம் அவருக்கு உறக்கமில்லை. விடிந்தும் மேகம் விலகவில்லை, காலும் மடங்கவில்லை. திரும்புவதைத் தவிர வேறு வழியில்லாது போயிற்று.

கீழே இறங்கிக்கொண்டிருந்த வண்டியொன்றில் அவருக்கு மட்டும் ஓர் இடம் கிடைத்தது, மூட்டைக்கு இடமில்லை. மைத்துனன் தன் பையைத் தானே சுமந்தான். எம் பையையும் இல்லத்தரசியின் பையையும் அந்த வழிகாட்டி இளைஞர் ஒன்றாகக் கட்டி, ‘நாம்லோ’ என்று அவர்கள் கூறும் பட்டையை நெற்றியில் பூட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் இறங்கினார். கைவீசிக்கொண்டு பின்னே நடந்தோம். நிலையத்தில் நாள்தோறும் சுமைதூக்குவோரைக் காண்கின்றோம். அவர்கள் சுமப்பது வணிகரின் சரக்கு. இங்கே ஒருவர் நெற்றியை அழுத்திக்கொண்டிருந்ததோ, எங்கள் வீட்டு முறுக்கும் ஊறுகாயும் ஜமக்காளமும்! வழியில் ஓய்வுக்காக இறக்கி வைத்தபோது, “உள்ளே என்னதான் இருக்கிறது?” என்று அவர் கேட்டார். மறுமொழி சொல்ல நா எழவில்லை.

தராசின் தீர்ப்பு

கரக்பூரில் வந்து இறங்கியதும் வீட்டுக்குச் செல்ல முயன்றோம். இல்லத்தரசியோ நொண்டியவாறே பார்சல் அலுவலகத்தின் பக்கம் நடந்தார். “ஊரார் மூட்டைக்கெல்லாம் சீட்டு எழுதுகிறீர்களே, நம் மூட்டையையும் ஒரு தரம் நிறுத்துப் பாருங்கள்” என்றார். பையைப் பிரிக்காமலே தராசில் ஏற்றினோம். எம் பை 17 கிலோ. மைத்துனன் பை 15. இல்லத்தரசியின் பை 12. ஆக மொத்தம் 44 கிலோ. மூன்று பயணிகளுக்கு இரயில்வே அனுமதிக்கும் 120 கிலோவில் அது பாதியும் இல்லை. இரயில் இழுத்துச் செல்லும் சுமை வேறு, எலும்பு இழுத்துச் செல்லும் சுமை வேறு என்பது அன்றுதான் புலப்பட்டது. மயிற்பீலியேயானாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் உரைத்ததைப் பள்ளியில் நெட்டுருச் செய்தவர்களே நாமெல்லாம்; பொருளை உணர மலையேற வேண்டியிருந்தது.

உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் சுமக்கலாகாது என்பது மலையேறுவோர் பொதுவாகக் கொள்ளும் வரம்பு. 55 கிலோ எடையுள்ள இல்லத்தரசிக்கு அது 11 கிலோ. அதுவும் பழகிய உடலுக்கு. மேலே செல்லச் செல்லக் காற்று மெலியும் இடத்தில் அதனினும் குறைத்துக் கொள்வதே அறிவுடைமை.

மைத்துனன் இளைஞனல்லவா? எடை குறைந்த வெளிநாட்டுப் பை ஒன்றின் விலையைக் கேட்டுவந்தான், 18,000 ரூபாய். எம் மாத ஊதியத்தில் பாதியை அது தொட்டுவிடும். அப்போது உடன் பணிபுரியும் வங்காள நண்பர் ஒருவர் கூறிய சொல் எங்கள் கண்ணைத் திறந்தது. “பையை மாற்றுவதற்கு முன், பைக்குள் இருப்பதைப் பாருங்கள். அந்த மலையில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள், அவர்களும் சோறு உண்கிறார்கள், அவர்களும் குளிருக்குப் போர்த்திக் கொள்கிறார்கள்” என்றார் அவர்.

குறைத்த வகை

அடுத்த வீட்டு அம்மையார் கேக் செய்வதற்கென வைத்திருக்கும் சிறு தராசை இரவல் வாங்கினோம். இல்லத்தரசி ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு கலங்கள் வரைந்தார்: பொருள், எடை, சென்ற முறை பயன்பட்டதா, அங்கே கிடைக்குமா. ஒவ்வொரு பொருளையும் நிறுத்து எழுதினார். கணக்கு முடிந்தபோது, வெட்கமும் வியப்பும் ஒருங்கே உண்டாயின.

முதலாவது உணவு. தீபாவளிப் பலகாரத்தில் மிஞ்சியது, புளிக்காய்ச்சல், கண்ணாடிப் புட்டியில் ஊறுகாய், வெல்லம், வேர்க்கடலை, இவற்றுக்கான எவர்சில்வர் சம்படங்கள் என 9 கிலோ. தங்கும் ஊர்தோறும் சூடான சோறும் பருப்பும் உருளைக்கிழங்கும் முட்டையும் கிடைக்க, இவை எதற்கு? வழியில் கொறிக்கக் கடலையும் உலர்ந்த திராட்சையுமாக 750 கிராம் போதும் என்று முடிவாயிற்று. இல்லத்தரசி மட்டும் கால் கிலோ பருப்புப்பொடிக்கு வாதாடினார். ஆளுக்கொரு பொருள் ஆசைக்காக எடுத்துக்கொள்ளலாம் என்ற விதியை அப்போதே ஏற்படுத்தினோம்; இல்லையேல் சிக்கனம் தண்டனையாகிவிடும். ஆக, உணவில் 8 கிலோ குறைந்தது.

இரண்டாவது படுக்கை. மூன்று கம்பளியும் ஒரு ஜமக்காளமும் 7 கிலோ. விடுதிகளில் கனத்த ரஜாய் தருகிறார்கள். அந்த 7 கிலோவும் முழுமையாக நீங்கிற்று.

மூன்றாவது உடை. ஜீன்ஸ் கால்சட்டை ஒன்று முக்கால் கிலோ நிற்கும். நனைந்தால் இரண்டு நாளானாலும் உலராது. பருத்தி ஆடை வியர்வையை உறிஞ்சி உடலோடு ஒட்டி நின்று, மலைக்காற்றில் குளிரைத் தரும். அதற்கு மாறாக, மெல்லிய செயற்கை இழைச் சட்டை, அதன்மேல் கம்பளிச் சட்டை, அதன்மேல் காற்றும் மழையும் புகாத மேலங்கி என அடுக்கடுக்காக அணிந்தால், அடுக்குகளுக்கிடையே தங்கும் காற்றே உடல் வெப்பத்தைக் காக்கும். கொல்கத்தா வெலிங்டன் சதுக்கத்தில் குளிர்காலந்தோறும் மலைநாட்டு மக்கள் விரிக்கும் கம்பளிக் கடைகளில் பேரம் பேசி மூவருக்கும் உள்ளாடை வாங்கினோம். தடித்த துருக்கித் துண்டு கழிந்து, ஊரிலிருந்து வந்த ஈரிழைத் துண்டு இடம்பெற்றது. அது விரைவில் உலரும், கழுத்துக்குச் சுற்றாகும், வெயிலுக்குத் தலைப்பாகையாகும். நம் முன்னோரின் அறிவை மெச்சினோம். உடையில் 6 கிலோ குறைந்தது.

நான்காவது பாத்திரமும் நீரும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. இதனை எவராலும் குறைக்க இயலாது. ஆனால் ஊருக்கு ஊர் நீர் கிடைக்கும் வழியில் ஆளுக்கு இரண்டு லிட்டர் சுமப்பானேன்? கனத்த எவர்சில்வர் குப்பிகளை விடுத்து, ஒரு லிட்டர் கொள்ளும் இலேசான குப்பி ஒவ்வொன்றும், நீரைத் தூய்மை செய்யும் மாத்திரைகளும் எடுத்துக்கொண்டோம். ஆளுக்கொரு தட்டு, தம்ளர், சோப்புக்கட்டி, பற்பசை, மின்னேற்றி என்றிருந்தது மாறி, மூவருக்கும் பொதுவாக ஒன்று என ஆயிற்று. அதில் 3 கிலோ.

இறுதியாகப் பை. எம் பழைய கித்தான் பை வெறுமையாகவே இரண்டு கிலோ. அதன் இடத்தில் மைத்துனனின் கல்லூரிப் பை ஒன்று வந்தது. சிறிய பையில் ஒரு நன்மை உண்டு: இடமில்லாமையால் ஆசை அடங்கும். மழைக்குக் காப்பாக, பைக்குள்ளே தடித்த பாலிதீன் உறை ஒன்றைப் போட்டு அதற்குள் துணிகளை வைத்தோம். மூன்று பைகளிலுமாக இரண்டரை கிலோ மிச்சம்.

கூட்டிப் பார்த்தால் இருபத்தாறரை கிலோ குறைந்தது. 44 கிலோவாக இருந்தது பதினேழரையாக நின்றது. சென்ற ஆண்டு எம் ஒருவர் முதுகில் ஏறியிருந்த சுமையே, இப்போது மூவருக்கும் சேர்ந்த சுமை! செலவானது 1,480 ரூபாய். மேலங்கிகள் இரண்டும் நண்பரிடம் இரவல்.

குறைக்கலாகாதவை

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். எடை குறைக்கும் வேட்கையும் எல்லை கடந்தால் தீங்கே. மழைக்கோட்டு, உலர்ந்த காலுறை ஒரு சோடி, கம்பளித் தொப்பி, கையுறை, டார்ச் விளக்கு, காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் காயத்துக்கும் உரிய மருந்துகள், வழக்கமாக உண்ணும் மருந்து, எல்லைக் காவலர் கேட்கும் அடையாள அட்டை ஆகியவற்றை எடை கருதி விடுதல் கூடாது. காலணியிலும் கவனம் தேவை. காலில் ஏறும் எடை, முதுகில் ஏறும் அதே எடையைவிடப் பன்மடங்கு களைப்பைத் தரும். ஆகையால் இலேசான, வழுக்காத, முன்பே அணிந்து பழகிய காலணியே நன்று.

மைத்துனனுக்கு இதனைச் சொல்லியும் கேட்டானில்லை. எல்லாரினும் குறைந்த எடை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் கையுறையை வீட்டிலேயே விட்டுவந்தான். அதன் பயனைப் பின்னர்க் கூறுவோம்.

இரண்டாம் பயணம்

2023 நவம்பர் இறுதியில் மீண்டும் மானேபஞ்சன் சேர்ந்தோம். அதே இளைஞரையே தேடி அழைத்தோம். எங்கள் பைகளை ஒவ்வொன்றாக ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்; பின், “மீதி வண்டியில் வருகிறதா?” என்றார். இம்முறை நாங்கள் நகைத்ததற்குப் பொருள் இருந்தது.

சென்ற ஆண்டு தரையை மட்டுமே கண்டு நடந்த பாதையில், இப்போது தலை நிமிர்ந்து நடந்தோம். சித்ரேயின் கொடிகள் காற்றில் படபடப்பதைக் கண்டோம். ஓரிடத்தில் வலக்கால் இந்தியாவிலும் இடக்கால் நேபாளத்திலும் பதிய நடக்கலாம் என்று இளைஞர் காட்டினார். பகல் ஒன்றரைக்கே தும்லிங் வந்துவிட்டது. அன்றிரவு விடுதியில் சூடான சோற்றில் நெய்யூற்றிப் பருப்புப்பொடி பிசைந்து உண்டோம். விடுதிக்காரப் பெண்மணியும் ஒரு கவளம் சுவைத்துப் பார்த்து, மறுமுறை கையேந்தினார். கால் கிலோவில் பாதி அங்கேயே தீர்ந்தது. அந்த அளவுக்குப் பையும் குறைந்தது.

இரண்டாம் நாள் கைரிபாஸுக்கு இறங்கி, மீண்டும் ஏறிக் காலிபோக்ரி அடைந்தோம். ‘கருங்குளம்’ என்பது அப்பெயரின் பொருள். நீரும் அவ்வாறே கறுத்துத் தோன்றுகின்றது. மூன்றாம் நாள் இறுதி ஏற்றம். தூரம் ஆறு கிலோமீட்டரே. ஆயினும் பத்தடிக்கு ஒரு முறை மூச்சு வாங்கிற்று. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற இல்லத்தரசியிடம், “தீதி, பையைக் கொடுங்கள்” என்று இளைஞர் கை நீட்டினார். “வேண்டாம் தம்பி, இது என்னால் ஆகிற சுமைதான்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு அவர் நடந்தார். மொழி புரியாவிட்டாலும் பொருள் புரிந்தவராய் இளைஞர் புன்னகைத்தார். நண்பகலுக்குச் சற்று முன்னே சந்தக்பூவின் உச்சியில் நின்றோம்.

மறுநாள் விடியலுக்கு முன் எழுந்து வெளியே வந்தோம். நீரை உறையச் செய்யும் குளிர். மைத்துனனின் விரல்கள் மரத்துப் போய்விட்டன. அக்காளின் மாற்றுக் காலுறைகளைக் கைகளில் மாட்டிக்கொண்டு நின்றான். முதலில் காஞ்சன்ஜங்காவின் முடியில் செம்மை படர்ந்தது. கும்பகர்ணன் என்னும் சிகரம் முகமாகவும் காஞ்சன்ஜங்கா உடலாகவும் அமைந்து, புத்தர் பள்ளிகொண்டாற்போலத் தோன்றும் அத்தொடரை ‘உறங்கும் புத்தர்’ என்கின்றனர். கும்பகர்ணன் உறக்கத்தில் புத்தருக்குத் துணைநிற்பது பொருத்தமே! மேற்கே, மகாலுவுக்கும் லோட்சேக்கும் அருகே எவரெஸ்ட் சிறிதாக, அமைதியாக ஒளிர்ந்தது. இல்லத்தரசி ஒன்றும் பேசவில்லை. கண்ணீரை ஈரிழைத் துண்டால் துடைத்துக்கொண்டதை மட்டும் கண்டோம்.

நிறைவாக

ஸ்ரீகோலா வழியாக இறங்கி வீடு திரும்பிய பின், அந்த நோட்டுப் புத்தகத்தை இல்லத்தரசி மூடிவிடவில்லை. குவார்ட்டர்ஸ் பரண்மேல் ஆண்டுக்கணக்காக ஏறிக் கிடந்தவை ஒவ்வொன்றாக இறங்கி, அதே நான்கு கலங்களில் பதிவாகி, பெரும்பாலானவை பிறருக்குப் பயன்படச் சென்றன. ஊரிலிருந்து புளியும் வடகமும் இன்றும் வருகின்றன. அது நாவுக்காக வருவது; நாங்களும் விரும்பியே சுமப்பது. ஆனால், “அங்கே கிடைக்காதோ” என்ற அச்சத்தால் வரும் மூட்டை குறைந்திருக்கிறது. பதினோர் ஆண்டுகளாக நமக்குச் சோறும் அண்டையும் அளித்த மண்ணை, கிடைக்காத ஊர் என்றே எண்ணி வாழ்ந்தோமே என்று சில சமயம் தோன்றுவதுண்டு.

மலைப்பயணம் செல்வம் உடையோர்க்கே உரியது என்று எண்ணும் அன்பர்கள் அவ்வெண்ணத்தை விடுவார்களாக. புறப்படுமுன் ஒவ்வொரு பொருளையும் நிறுங்கள், சென்று வந்தோரிடம் அங்கே கிடைப்பதைக் கேட்டறியுங்கள், கிடைப்பதை விடுங்கள், பொதுவாக வைக்கக்கூடியதைப் பங்கிடுங்கள், இல்லாததை இரவல் வாங்குங்கள், இவை அனைத்தும் முடிந்த பின்னரே கடைக்குச் செல்லுங்கள். நம் சுமை நம் முதுகின் அளவினதாக இருக்கட்டும். பிறர் நெற்றியில் அதனை ஏற்றாதிருப்போம். வரும் குளிர்காலத்தில் சந்தக்பூ செல்ல விரும்பும் சங்கத்துக் குடும்பத்தினர் எங்கள் வீட்டுக்கு வந்தால், அந்த நோட்டுப் புத்தகத்தை மகிழ்ச்சியுடன் காட்டுவோம். தராசுக்கு மட்டும் அடுத்த வீட்டு அம்மையாரிடம் சொல்லி வைக்க வேண்டும்.